ஐந்து பைட்தானே என்று எழுதுகிறவர்களுக்கு

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் எண்ணெய் ஆலைகளிலும் லினக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. போன வாரம் மறுபடியும் ஓர் ஆலையில் எடைமேடைக் கணினி நின்றுபோனது. கேட்டுக்கு வெளியே குலை ஏற்றிய லாரிகள் வரிசை கட்டிவிட்டன. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. டிரைவர் ஒன்றைத் திருத்துவதற்காக, ஓடிக்கொண்டிருந்த கெர்னலுக்குள், அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள், ஒரு தம்பி கையை விட்டிருந்தார்.

ஏன் ரீபூட் செய்யவில்லை என்று கேட்டால், "குலை வந்துகிட்டே இருக்கு, நிறுத்த விட மாட்டாங்க அண்ணே" என்கிறார். அது நியாயம்தான். வெட்டிய பழம் கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். ஆனால் அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள்: "ஐந்து பைட்தானே அண்ணே, மெம்காப்பி போட்டேன்."

மெம்காப்பி என்பது பைட்டுகளை அப்படியே நகலெடுத்து எழுதும் ஃபங்ஷன்; ஓடும் கோடின் மேலேயே எழுதியிருக்கிறார். இந்த 'ஐந்து பைட்தானே'வை எத்தனை பேர் வாயிலிருந்துதான் கேட்பது? நீங்கள் எழுதும் அதே நேரத்தில் பிராசசரின் இன்னொரு கோர் அதே இடத்தைப் படித்து ஓட்டிக்கொண்டிருக்கும். ஃபங்ஷன் வாசலில் ஐந்து பைட் நாப் (எதுவும் செய்யாத கட்டளை) இருக்கிறது, அதன் மேல் ஜம்ப் (வேறிடத்துக்குத் தாவும் கட்டளை) எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பைட் மாறிவிட்டது, மீதி நான்கும் இன்னும் பழையவை. அந்த நொடியில் அங்கே வரும் கோர் அந்தப் பழைய நான்கு பைட்டைத்தான் தாவும் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். கெர்னல் வழக்கமாக வைக்கும் நாப் என்றால் சரியாக 17,439 பைட் தள்ளிப் போய் விழும். அங்கே என்ன இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அப்படியென்றால் எட்டு பைட்டாக ஒரே வீச்சில் எழுதிவிடுகிறேன்" என்று இன்னொருவர் வருவார். அதுவும் போதாது. பழைய கட்டளையை அடுத்த கோர் ஏற்கெனவே உள்ளே இழுத்து வைத்திருக்கலாம். புதிய கோடை ஓட்டுவதற்கு முன் அந்தக் கோர் இழுத்து வைத்த பழையதை விட்டுவிட்டுத் தன்னை ஒத்திசைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்டெல் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இது போக, நீங்கள் மூடிய ஐந்து பைட்டுக்குள் இரண்டு சின்னக் கட்டளைகள் இருந்து, ஒரு டாஸ்க் (ஓடிக்கொண்டிருந்த வேலை) அவற்றின் நடுவில் நிறுத்தப்பட்டிருந்தால்? திரும்பி வரும்போது உங்கள் ஜம்ப்பின் வயிற்றுக்குள் இறங்கும். 'என் மெஷினில் ஓடியதே' என்பது இங்கே சாட்சியே ஆகாது. சும்மா கிடக்கும் மெஷினில் எதுவும் ஓடும்.

கெர்னல் இதையே எப்படிச் செய்கிறது? முதலில் ஒரே ஒரு பைட் பிரேக்பாயின்ட், அங்கே வரும் கோரை மடக்கும் கட்டளை. எல்லாக் கோரையும் ஒத்திசைக்கும். பிறகு மீதி நான்கு பைட், மறுபடி ஒத்திசைவு. கடைசியில்தான் முதல் பைட். இடையில் வந்து மாட்டும் கோரைப் பிரேக்பாயின்ட் கையாளும் பகுதி சரியான வழியில் அனுப்பிவிடும். ஏஆர்எம் வகைப் பிராசசர் உள்ள கேட்வே பெட்டிகளில் விதிகள் வேறு, கேஷை (பிராசசரின் தற்காலிக நினைவகத்தை) துடைக்கும் வேலையும் சேரும்.

அப்புறம் சிஆர்0 என்ற பிராசசர் ரெஜிஸ்டரை வைத்துச் செய்யும் அந்த வித்தை. எழுதத் தடை போட்ட பக்கத்தில் எழுதுவதற்காகப் பாதுகாப்பு பிட்டை அணைப்பது. 5.3 பதிப்பு முதல் கெர்னல் அந்த பிட்டைப் பூட்டி வைத்திருக்கிறது. அதையும் அசெம்பிளி எழுதித் தாண்டுகிறார்கள். பூட்டியவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்ன?

கெர்னல் எழுதுகிறவர்களே இதில் சூடு பட்டிருக்கிறார்கள். 2008இல், கெர்னல் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளில், ஃபங்ஷன் அழைப்புகளைப் பின்தொடரும் கெர்னல் கருவியான எஃப்டிரேஸ் தான் குறித்து வைத்திருந்த முகவரிகளில் எழுதியது. அவற்றில் சில, மாட்யூல் (கெர்னலில் தனியாக ஏற்றும் துண்டு) தொடங்கியதும் விடுவிக்கப்பட்ட நினைவகம். அதே முகவரி பிறகு இன்டெல் நெட்வொர்க் கார்டின் ஃபிளாஷுக்குப் போயிருந்தது. கார்டுகள் பாழாயின. அதைவிட நன்றாக எழுதிவிடுவோம் என்று நினைக்கிறீர்களா?

சரி, வேண்டியது இதுதான். ஒரு ஃபங்ஷனை வேவு பார்க்க வேண்டுமா? அதற்கென்றே கெர்னலில் கேப்ரோபும் எஃப்டிரேஸும் இருக்கின்றன. ஃபங்ஷனையே மாற்ற வேண்டுமா? 2015இல் வந்த 4.0 முதல், ரீபூட் இல்லாமல் திருத்தும் லைவ்பேட்ச் கெர்னலிலேயே இருக்கிறது. அது பழைய கோடின் மேல் எழுதாது. வாசலிலேயே புதிய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடும். ஸ்ட்ரக்சரின் (தரவுக் கட்டமைப்பின்) அமைப்பு மாறுகிறது என்றால் லைவ்பேட்சை நம்பி இறங்காதீர்கள், ரீபூட்டுக்கு நேரம் கேளுங்கள். மேனேஜரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பேசுகிறேன். சோதனையைப் பல கோர் உள்ள மெஷினில், சுமை ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.

பேட்ச் போட்டதும் 'முடிந்தது' என்று கிளம்பவும் வேண்டாம். மாற்றம் முடிந்ததா என்று காட்டும் லைவ்பேட்சின் 'டிரான்சிஷன்' கோப்பு பூஜ்யமாகும் வரை பாருங்கள். பழைய ஃபங்ஷனுக்குள் தூங்கும் ஒரு டாஸ்க் போதும், அது 1 என்றே நிற்கும். எது தடுக்கிறது என்று தேடுங்கள், தயவுசெய்து மாற்றத்தைக் கட்டாயப்படுத்தி முடிக்கும் 'ஃபோர்ஸ்' கோப்பைத் தொடாதீர்கள். தொட்டால் அந்த பேட்ச் மாட்யூலை அதன் பிறகு கழற்றவே முடியாது. அதைக் கழற்ற அந்த ரீபூட்டைத்தான் செய்தாக வேண்டும்.