ரேஸ் முடிவாவது முதல் பாதியில்தான்

புதுச்சேரியிலோ கடலூரிலோ குதிரை ரேஸ் மைதானம் கிடையாது, பந்தயத்தை நாம் போனில்தான் பார்க்கிறோம், பார்த்து முடித்ததும் கடைசி 200 மீட்டரைப் பற்றியே பேசுகிறோம். “ஜாக்கி லேட்டா விரட்டிட்டான்ப்பா” என்று. ஆனால் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முதல் பாதியில் முன்வரிசை ஓடிய வேகம்தான்.

அமெரிக்காவில் நடக்கும் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் 2022ஆம் வருடத்தைப் பாருங்கள். சுமார் 2 கிலோமீட்டர் தூரம், 20 குதிரைகள். முதல் கால் மைலை (சுமார் 400 மீட்டர்) 21.78 விநாடியில் கடந்தார்கள், அந்தப் பந்தய வரலாற்றிலேயே அதுதான் மிக வேகமான தொடக்கம். அப்படி முன்னால் பறந்த சம்மர் இஸ் டுமாரோ என்ற குதிரை 20ஆவதாக, அதாவது கடைசியாக வந்தது. ஜெயித்தது ரிச் ஸ்ட்ரைக். அதன் மேல் பணம் கட்டி ஜெயித்தால் ஒன்றுக்கு 80 கொடுக்கத் தயாராக இருந்தார்கள், அந்த அளவுக்கு யாரும் நம்பாத குதிரை, பாதி தூரம் வரை பின்வரிசையில்தான் கிடந்தது.

காரணம் உடம்பில் இருக்கிறது. குதிரை முழு வேகமெடுக்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும் (மனிதனிடம் இந்த அளவுக்குக் கிடையாது, பிரமாதமான ஏற்பாடு). அப்படியும் ஒரு வேகத்துக்கு மேல் ஆக்சிஜன் போதாது. தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்கும், அமிலத்தன்மை ஏறும், எடுத்து வைக்கும் எட்டின் நீளம் குறுகும். ஆரம்பத்திலேயே அந்தக் கையிருப்பைச் செலவழித்த குதிரையை எவ்வளவு விரட்டினாலும் பயனில்லை. கடைசியில் பின்னாலிருந்து ஒன்று பாய்ந்து வருவதாகத் தெரிகிறதே, பெரும்பாலும் அதுவும் வேகம் குறைந்துகொண்டுதான் வருகிறது, முன்னால் இருப்பவை அதைவிட அதிகமாகத் தளர்கின்றன, அவ்வளவுதான்.

அப்புறம் காற்று. தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் நாளில் புதுச்சேரி கடற்கரை காந்தி சிலையிலிருந்து தெற்கே ஓடிப் பாருங்கள், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஓடினால் எவ்வளவு சுலபம் என்று தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் குதிரைக்கு அது சின்ன விஷயமில்லை, அதனால்தான் ஜாக்கி இன்னொரு குதிரையின் மறைவில் ஒதுங்குகிறார்.

சரி, அப்படியானால் எல்லோரும் பின்னாலேயே இருந்துவிடலாமே? முன்னால் போகும் ஜாக்கி சாமர்த்தியமாக வேகத்தைக் குறைத்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். அவருடைய குதிரை தெம்போடு கடைசி 400 மீட்டரை 24 விநாடியில் ஓடுகிறது என்று வையுங்கள். 12 மீட்டர் பின்னால் இருப்பது அதைப் பிடிக்க வேண்டுமானால் அதே 400 மீட்டரை 23.3 விநாடிக்குள் ஓடியாக வேண்டும். ஏற்கெனவே உச்ச வேகத்தில் இருக்கும் குதிரைக்கு அந்த 0.7 விநாடி எங்கிருந்து கிடைக்கும்? அதே ரிச் ஸ்ட்ரைக் ஐந்து வாரம் கழித்து பெல்மான்ட் ஸ்டேக்ஸ் என்ற இன்னொரு பந்தயத்தில் ஓடியது. முன்வரிசை இந்தத் தடவை அப்படிக் கண்மண் தெரியாமல் ஓடவில்லை. ரிச் ஸ்ட்ரைக் 8 குதிரைகளில் 6ஆவதாக வந்தது.

பின்னாலிருந்து நிஜமாகவே வேகம் கூட்டிக்கொண்டே வந்த குதிரை என்றால் 1973 டெர்பியில் ஓடிய செக்ரட்டேரியட்தான். ஐந்து கால் மைல்களுக்கும் அது எடுத்த நேரம் 25.2, 24, 23.8, 23.4, 23 விநாடி. மொத்தம் 1 நிமிடம் 59.4 விநாடி, அந்தச் சாதனையை இன்னும் எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.