எருக்குழியில் ஊற்றிய மருந்தும் முந்திரி வண்டும்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. தோப்புக்காரர் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து நீட்டினார். "தென்னை வண்டு சார், முந்திரிக்கு ஏறிட்டுது. மருந்துக்கடையில சொன்னாங்கன்னு எருக்குழியில மருந்து ஊத்திட்டேன். அப்பவும் மரம் காயுது."

உள்ளே இருந்தது தென்னை வண்டு இல்லை; முந்திரியின் தண்டையும் வேரையும் துளைக்கும் செம்பழுப்பு வண்டு. உடம்பை மிஞ்சும் நீளத்தில் இரண்டு மீசை. தென்னையின் காண்டாமிருக வண்டுக்கு இருப்பது மண்டையில் முளைத்த ஒற்றைக் கொம்பு. இதற்கு இருப்பவை உணர்கொம்புகள். புழுவைப் பார்த்தால் சந்தேகமே வராது. காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில் வளரும்; பிறை போல வளைந்து கிடக்கும், ஆறு கால் தெரியும். முந்திரிப் புழு நீண்டு, கணுக்கணுவாக, தலைப்பக்கம் அகன்றிருக்கும். கால் இருப்பதே தெரியாது. அது எருக்குழிப் பக்கம் போவதே இல்லை. பட்டைக்கு அடியில் மரத்தைத் தின்று வளரும்.

காண்டாமிருக வண்டு ஸ்கராபெய்டே குடும்பம். இது செராம்பிசிடே, அதாவது நீள்கொம்பு வண்டுக் குடும்பம். மாமரத் தண்டுத் துளைப்பானான பேட்டோசெராவும் இதே குடும்பம்தான், ஆனால் லாமியினே என்ற துணைக்குடும்பம். நம் முந்திரி வண்டு செராம்பிசினே. புத்தகத்து வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. மா வண்டு பட்டையைக் கடித்துக் கீறி முட்டை வைக்கும். முந்திரி வண்டோ இருக்கிற வெடிப்பில், தூர்ப்பக்கம், வெளியே தெரியும் வேரில் வைத்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் தூரைச் சுற்றி வேப்பெண்ணெய்க் கரைசல் பூசச் சொல்கிறோம்.

பெயரில் இன்னொரு குழப்பம். 1758-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர் செராம்பிக்ஸ் ஃபெருஜினியஸ். பிறகு பிளோகேடெரஸ் என்ற பேரினத்துக்கு (பெயரின் முதல் சொல் குறிக்கும் தொகுதி) மாற்றினார்கள். நம் ஊர்ப் பயிர்ப்பாதுகாப்புக் கையேடுகளில் பெரும்பாலும் அந்தப் பெயர்தான். 1991-இல் சாமா என்ற பூச்சியியலாளர் நியோபிளோகேடெரஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். இப்போது வழக்கில் இருப்பது நியோபிளோகேடெரஸ் ஃபெருஜினியஸ். பழைய பேரினப் பெயர் அமெரிக்கக் கண்டத்து வண்டுகளுக்கே போய்விட்டது. முந்திரி பிரேசிலிலிருந்து இங்கே வந்தது, வண்டின் பெயர் இங்கிருந்து அங்கே போனது! இணையத்தில் தேடுகிறவர்கள் பிளோகேடெரஸ், நியோபிளோகேடெரஸ் என்று இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பாதித் தகவல் கண்ணில் படாது.

அன்று தூரில் பிசினும் மரத்தூளும் கலந்து வடிந்திருந்த இடத்தை உளியால் செதுக்கினோம். விரல் தடிமனில் புழு. இன்னும் கொஞ்சம் உள்ளே, முட்டை ஓடு போல வெள்ளையாக ஒரு கூடு.

"பல்லி முட்டையா சார்?"

"புழு கூட்டுப்புழுவா மாறுறதுக்கு முன்னாடி கட்டுற சுண்ணாம்புக் கூடு அண்ணே."

பட்டை சுற்றளவில் பாதிக்கு மேல் போயிருந்தது, இலையும் பழுத்துவிட்டது. இனி வைத்தியம் இல்லை, வேரோடு எடுத்துவிடுங்கள் என்றேன். வெட்டிய கட்டையைத் தோப்பிலேயே விறகுக்கு அடுக்கலாமா என்று கேட்டார். அடுக்கினால் உள்ளே இருக்கிற கூடெல்லாம் வண்டாகி அடுத்த மரத்துக்குத்தான் போகும் என்றதும், மகனைக் கூப்பிட்டு டிராக்டரை எடுத்துவரச் சொன்னார்.