பேய் சொன்னால் மட்டும் கேட்பீர்களா?

போன செவ்வாய்க்கிழமை, மனநல டாக்டரான என்னிடம் பேய் பிடித்ததாக மறுபடியும் ஒரு கேஸ். பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு, கல்யாணமாகி ஏழு மாதம். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு இறுகிய தழும்பு, முதுகில் வேப்பங்குச்சியால் விளாசிய கோடுகள். கூட வந்தவர்கள் ஆறு பேர். "மாமனாரையே டேய்னு கூப்பிடுறா டாக்டரம்மா, அப்படியே சந்திரமுகி மாதிரி" என்றார் மாமியார். கடைசி மூன்று வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1993இல் மலையாளத்தில் வந்த மணிச்சித்ரத்தாழையும் 2005இல் வந்த சந்திரமுகியையும் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் சந்திரமுகியில் பேய் யார் என்று யாராவது யோசித்தீர்களா? அரண்மனைக்குத் தூக்கி வரப்பட்ட ஒரு நடனக்காரி. காதலித்தவன் தலையை வெட்டி, அவளையும் உயிரோடு எரித்தான் ராஜா. உயிரோடு இருந்தவரை அவள் பேச்சு அங்கே எடுபடவில்லை. செத்த பிறகு மாளிகையே அவளுக்கு நடுங்குகிறது. நம் ஊர்ப் பேய்ப் படங்களில் பாதிக்கு மேல் இதே கணக்குதான். நினைத்ததையெல்லாம் சாதித்துக்கொண்ட பண்ணையார் எதற்குத் திரும்பி வரப்போகிறார்?

அந்தப் பேய் பிடித்ததாகப் படத்தில் காட்டப்படும் பெண் கங்கா. அவள் வெளியே கிளம்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். படத்தில் வரும் மனநல டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கணவன் போகக்கூடாது என்கிறான். அந்த மறுப்பில்தான் அவள் கண் மாறுகிறது. படத்தின் சாவியே அங்கேதான் இருக்கிறது. நம் மனதில் நின்றது என்னவோ கண்மையும் புடவையும்தான்.

சரி, கிளைமாக்ஸுக்கு வருகிறேன், என் வயிற்றெரிச்சலே அதுதான். ராஜா வேடம் போட்டவர் இருந்த இடத்தில் பொம்மையை மாற்றி வைத்து, அதை எரிக்கவிட்டதும் பழி தீர்ந்து பெண் குணமாகிவிடுகிறாள். "அதே மாதிரி ஒரு டிராமா போடலாமா டாக்டர், செலவைப் பத்திக் கவலையில்லை" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். போட முடியாது. வந்திருப்பது இன்னொரு ஆள்தான் என்று நாமே மேடை கட்டி, விளக்குப் போட்டு ஒத்துக்கொண்டால் அந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்படும். பேயைத் திருப்திப்படுத்திவிட்டோம், பெண்ணை என்ன செய்தோம்? மறுநாள் அதே சமையலறை, அதே மாமியார், அதே 'போகக்கூடாது'. இரண்டே வாரத்தில் திரும்பி வருவார்கள். ஒரே ராத்திரியில், ஒரே ஒரு கெட்டிக்கார டாக்டரால் சரியாகிற விஷயமே இல்லை இது. பேச வேண்டும், வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில். அவளிடம் மட்டும் பேசினால் போதாது, அந்த ஆறு பேரிடமும் பேச வேண்டும்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம்: "எல்லாம் நடிப்பு." நடிப்பு இல்லை. தன்னால் சொல்ல முடியாததை மனம் இன்னொரு குரலில் சொல்லிவிடுகிறது, பிறகு பல நேரம் அவளுக்கே நினைவிருக்காது. இது ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோயும் இல்லை. ஸ்கிசோஃப்ரினியா என்றால் 'இரட்டை ஆள்' என்று எழுதும் பத்திரிகை நண்பர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். ஆக, பேய் என்றாலும் அடி, நடிப்பு என்றாலும் அடி. பேய்ப் படங்களில் பூசாரி கையிலிருக்கும் சாட்டை வீட்டில் யார் கைக்கு வேண்டுமானாலும் வந்துவிடுகிறது.

கட்டிவைப்பது எங்கே போய் முடியும் என்று சொல்லவும் வேண்டுமா? 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. கயிறு என்றால் பரவாயில்லை என்று வாதாடாதீர்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் காய்ச்சலோடு உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளை பெற்ற சில நாட்களில் தூக்கமில்லாமல் பேச்சு மாறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அமாவாசைவரை காத்திருக்காதீர்கள். மூளையில் ஏற்படும் ஒருவித அழற்சி அச்சு அசலாகப் பேய் பிடித்த மாதிரியே இருக்கும், நாங்களே சிலசமயம் ஏமாந்திருக்கிறோம். மிளகாய்ப் புகை போடாதீர்கள், பட்டினி போடாதீர்கள். வீடியோ எடுத்தால் டாக்டரிடம் காட்டுங்கள், சொந்தக்காரர் குரூப்பில் போடாதீர்கள் அப்பா, அந்தப் பெண் நாளைக்கு அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டாமா? யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடியுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஆறு பேரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ரொம்ப நேரம் புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "நான் சொல்றத அவங்ககிட்ட சொல்லிடுவீங்களா?" மாட்டேன் என்றேன். பி.எட். கடைசி செமஸ்டர், தேர்வு எழுத விடவில்லை, புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். என்னிடம் சொல்லும்போது அவள் குரல் அவள் குரலாகத்தான் இருந்தது. வெளியே சொல்ல எதுவரை அனுமதி என்று கேட்டேன். பரீட்சையைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்றாள்.

வெளியே வந்ததும் கணவன் மெதுவாகக் கேட்டான்: "ஆவி போயிடுமா டாக்டர்?"

"பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி தேதி என்னைக்கு?" என்றேன்.