பாறை எப்போது வந்து இறங்கியது?

எஸ்டோனியாவின் வடகரைக்குச் சுற்றுலா போய் வந்த வாசகர் ஒருவர், அங்கே காட்டுக்குள் வீட்டு உயரத்துக்குக் கிடக்கும் பாறைகளின் படங்களை அனுப்பியிருந்தார். “பனியுகத்தில் பனி இழுத்து வந்ததாம், பதிமூவாயிரம் ஆண்டு இருக்குமாம். வந்தது சரி, வந்த காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார்.

வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஸ்காண்டிநேவியாவை மூடியிருந்த பனிப்படலம் தெற்கே நகர்ந்தபோது வழியிலிருந்த பாறைகளைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. உருகியபோது போட்டுவிட்டுப் போனது. வட எஸ்டோனியாவின் தரைக்கடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் கிரானைட் கிடந்தால் அது வெளியூர்க் கல்தான். லாஹெமா தேசியப் பூங்காவின் கேஸ்மு பக்கத்துக் கற்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலச் சிவந்த வட்டங்களும், சிலவற்றைச் சுற்றி வெளிறிய விளிம்பும் தெரியும். ரபகிவி என்ற இந்தக் கிரானைட் பின்லாந்து வளைகுடாவுக்கு அக்கரையில், தென்கிழக்குப் பின்லாந்தில் பரந்து கிடக்கிறது. கலேவிபோயெக் என்ற அசுரபலசாலி வீசியெறிந்த கற்கள் என்று எஸ்டோனிய நாட்டுக்கதைகள் சொல்கின்றன. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கல் இந்த மண்ணுடையதல்ல என்பதை அந்த மக்கள் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ஊர் தெரிந்துவிட்டது. காலத்துக்கு விண்வெளியிலிருந்து சாட்சி வருகிறது.

காஸ்மிக் கதிர்கள் நம் காற்றுமண்டலத்தில் மோதி நியூட்ரான்களைச் சிதறவிடுகின்றன. அவற்றில் சில தரைவரை வந்து பாறைக்குள் நுழைகின்றன. அங்கே கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் ஆக்சிஜன் அணுக்கருவை ஒரு நியூட்ரான் பலமாக மோதினால் அது உடைந்து, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணு ஆகிறது. அந்த அட்சரேகையில், கடல்மட்டத்தில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்குச் சுமார் நான்கே நான்கு அணுக்கள்! பெரிலியம்-10 சிதைந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதால், பதிமூவாயிரம் ஆண்டுச் சேமிப்பு அநேகமாக அப்படியே இருக்கும். அதாவது கிராமுக்கு ஐம்பதாயிரம் அணுக்கள் போல. அதே ஒரு கிராமில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்களோ, 2-க்குப் பின்னால் 22 பூஜ்யம் போட வேண்டிய எண்ணிக்கை. பாறையின் உச்சியில் சில சென்டிமீட்டர் தடிமனுக்குச் செதுக்கி, பொடித்து, மழையோடு வந்து ஒட்டிய பெரிலியத்தை அமிலத்தால் கழுவி நீக்கி, மிச்சத்தை, அணுக்களை அதிவேகத்தில் செலுத்தும் முடுக்கி என்ற கருவியில் செலுத்தி, ஒவ்வொரு அணுவாக எண்ணுகிறார்கள். ஆண்டுக்கு எத்தனை சேரும் என்பது தெரியுமாதலால், எண்ணிக்கையிலிருந்து காலம் கிடைத்துவிடுகிறது. அணுக்கரு ஆய்வுக்காகப் பிறந்த கருவிகள் இவை. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையத்திலும் இந்த வசதி உண்டு. “இதனால் என்ன பயன்?” என்று முதல் நாளே கேட்டு நிதியை வெட்டியிருந்தால், இன்று பாறையின் வயதைக் கேட்க இடமே இருந்திருக்காது.

சரி, பின்லாந்தில் கிடந்த காலத்தில் சேர்ந்த பெரிலியம் கணக்கில் கலந்துவிடாதா? அங்கேதான் பனி நமக்கு உதவுகிறது. பாறைக்குள் போகப் போக, சுமார் 40 சென்டிமீட்டருக்கு ஒருமுறை உற்பத்தி பாதியாகும். மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு சதவீத அளவுதான். பனிப்படலம் அப்படிப்பட்ட ஆழத்திலிருந்து பெயர்த்தெடுத்த கல்லில் பழைய கணக்கு ஏறக்குறைய இல்லை. பனி விலகி வெயில் பட்ட நாளில் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது.

நீரும் கதிரைத் தடுக்கும். குண்டா நகருக்கு அருகே லெட்டிபேயா கரையில் நிற்கும் ஏஹல்கிவி, 7 மீட்டர் உயரமும் 48 மீட்டர் சுற்றளவும் கொண்ட பாறை. எடை சுமார் 2500 டன். பனி விலகிய பிறகு இந்தக் கரையோரம் நெடுங்காலம் நீருக்கடியில் இருந்து, பனியின் பாரம் நீங்கிய நிலம் எழும்ப எழும்ப வெளியே வந்தது. இப்படிப்பட்ட இடத்துக் கல் தன் வயதைக் குறைத்துத்தான் காட்டும். அதனால் மூழ்காத மேட்டில், குளிர்காலத்தில் விழும் பனியைக் காற்று துடைத்துவிடும் உயரமான பாறையாகத் தேடுகிறார்கள்.

எஸ்டோனியாவில் பெரும்பாறைகள் பலவும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. உடைக்காமல் விட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. சாலைக்காகவோ தோட்ட அலங்காரத்துக்காகவோ ஒரு பாறையைப் புரட்டிப் போட்டால், கல் முழுசாகவே இருக்கும். ஆனால் இத்தனை காலம் மண்ணைப் பார்த்துக் கிடந்த முகம் மேலே வந்துவிடும், அதில் எண்ணிப் பார்க்க அணுக்கள் மிகக் குறைவாகவே இருக்கும்.