லாசாவில் மூச்சு வாங்க எவ்வளவு செலவாகும்?

திபெத்தின் தலைநகரான லாசாவுக்குச் சிக்கனமாகப் போய்வர நினைக்கும் வெளிநாட்டவருக்கு முதல் முட்டுக்கட்டை அனுமதிச் சீட்டு. அதைப் பயண நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் வாங்க முடியும். வழிகாட்டியும் கூடவே வருவார். முதுகில் பையை மாட்டிக்கொண்டு இஷ்டத்துக்குச் சுற்றுவது அங்கே நடக்காது. அந்தச் செலவில் கை வைக்க வழியில்லை. மிச்சம் பிடிக்க முடிவதெல்லாம் ரயில், தங்குமிடம், சாப்பாடு, அப்புறம் காற்று.

காற்றுக்கு என்ன செலவு? லாசாவின் மருந்துக் கடைகளிலும் ஓட்டல்களிலும் ஆக்சிஜன் டப்பா விற்கிறார்கள். மூக்கில் வைத்து அழுத்தினால் புஸ்ஸென்று வரும். தலை பாரமாக வந்து இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது அதைத்தான். என் கணக்கில் அது வீண் செலவு. ஏன் என்று புரிய, உடம்பு அந்த உயரத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

லாசா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆக்சிஜன் குறைவு என்று சொல்வது வழக்கம். விகிதம் குறையவில்லை, கடற்கரையில் 21 சதவீதம் என்றால் லாசாவிலும் அதே 21தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், லாசாவில் ஏறத்தாழ 490. உள்ளே இழுத்த காற்றில் உடம்பின் ஈரம் சேர்ந்து, 47 மில்லிமீட்டரை நீராவி எடுத்துக்கொள்கிறது. உடல் சூடு மாறாததால் இந்த 47 எந்த உயரத்திலும் மாறாது. மிச்சத்தில் 21 சதவீதம் ஆக்சிஜன்: கடற்கரையில் 150, லாசாவில் 93. நுரையீரலின் காற்றறைக்குள் கார்பன் டை ஆக்சைடும் இடம் கேட்கிறது. எல்லாம் போக அங்கே ஆக்சிஜனின் அழுத்தம் கடற்கரையில் 100 என்றால், லாசாவில் 50 சொச்சம்.

தப்பிக்கும் வழியும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தை நம்மால் மாற்ற முடியாது. நீராவியின் பங்கும் மாறாது. ஆனால் வேகமாக, ஆழமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அது காலி செய்த இடம் ஆக்சிஜனுக்குக் கிடைக்கும். கழுத்தில் தலைக்குப் போகும் தமனி கிளை பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் ஒரு திசு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததுமே அது மூளைக்குத் தகவல் அனுப்பி மூச்சைக் கூட்டிவிடும்.

இதில் ஒரு சிக்கல். கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கரைந்தால் அமிலம். அதை வெளியேற்றினால் ரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது. அது பிடிக்காத மூளைத்தண்டு மூச்சுக்குப் பிரேக் போடுகிறது. கழுத்து ‘வேகமாக’ என்கிறது, மூளை ‘மெதுவாக’ என்கிறது. இந்தச் சண்டையைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட் என்ற காரப் பொருளைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தின் காரத்தைக் குறைக்கிறது. பிரேக் தளர்கிறது, மூச்சு கூடுகிறது. இந்த வேலைக்கு இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். பொட்டாலா அரண்மனையின் படிகளை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவைக்கும் வழிகாட்டிகள் இதைத்தான் கணக்கில் கொள்கிறார்கள். புது ரத்தச் சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். ஒரு வாரச் சுற்றுலாவில் அதற்கு அதிக வேலையில்லை.

சண்டை உச்சத்தில் இருப்பது ராத்திரியில். மலிவான விடுதியில் ஆறு பேர் படுக்கும் அறை எடுத்தால் நேரிலேயே கேட்கலாம். பக்கத்துப் படுக்கைக்காரர் பெரிதாக நாலைந்து மூச்சு விடுவார், அப்புறம் பத்து விநாடி சத்தமே இருக்காது, பிறகு திடுக்கென்று மறுபடி ஆரம்பிப்பார். பதறத் தேவையில்லை. உயரத்தில் தூங்குகிறவர்களுக்கு இது சகஜம். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மட்டுப்படுத்தும் என்பதால் முதல் ராத்திரிகளில் இரண்டும் வேண்டாம்.

சரி, டப்பா. நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறோம்; உயரத்தில் இன்னும் அதிகம். கையடக்க டப்பா சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. உடம்பிலும் ஆக்சிஜனைச் சேமித்துவைக்க இடம் கிடையாது. அழுத்துவதை நிறுத்திய சில நிமிடங்களில் பழைய நிலைதான். தலைவலி கொஞ்ச நேரம் விடும், அவ்வளவுதான். பைகார்பனேட் வேலையை அது தொடுவதே இல்லை. டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டசோலமைட் மாத்திரை செய்வது அந்த வேலையை: சிறுநீரகத்தை முடுக்கிவிடுகிறது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ரயிலில் போனால் உடம்பு தானாகப் பழகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2006 ஜூலை 1 முதல் ஓடும் சிங்காய்–திபெத் ரயில், சீனாவின் ஷினிங் நகரிலிருந்து லாசாவுக்கு 1,956 கிலோமீட்டரை ஒரு நாளுக்குள் கடக்கிறது. வழியில் வரும் கோல்முட் ஊர் சுமார் 2,800 மீட்டர். அதைத் தாண்டிய சில மணி நேரத்தில் 4,700 மீட்டருக்கு மேல். டங்குலா கணவாய் 5,072 மீட்டர். கோல்முட்டுக்கு அப்பால் 960 கிலோமீட்டர் 4,000 மீட்டருக்கு மேலேயே ஓடுகிறது. சிறுநீரகம் வேலையை முடிக்க அவகாசமில்லை.

பெட்டிக்குள் விமானம் போல அழுத்தம் ஏற்றியிருப்பதாகவும் நினைக்கிறார்கள். இல்லை. கையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பதே சாட்சி. ஏற்றுவது ஆக்சிஜனின் விகிதத்தை: பெட்டியிலேயே பிரித்தெடுத்துக் குளிர்சாதனக் குழாய் வழியே கலந்துவிடுகிறார்கள், தனியாகக் குழாய் செருகிக்கொள்ளவும் துவாரம் உண்டு. இந்த உயரங்களில் விகிதம் ஒரு சதவீதப் புள்ளி கூடினால் சுமார் 300 மீட்டர் கீழே இறங்கியதற்குச் சமம் என்பது உடலியலாளர்களின் கணக்கு. 21 சதவீதம் 24 ஆனால், 5,000 மீட்டர் கணவாயில் 4,100 மீட்டரில் இருப்பது போல இருக்கும். சுகம்தான், ஆனால் ரயிலை விட்டு இறங்கினால் அதுவும் போச்சு.

சிக்கனமும் அறிவியலும் ஒத்துப்போகும் இடம் ஷினிங். உயரம் சுமார் 2,260 மீட்டர். அங்கே இரண்டு மூன்று ராத்திரி தங்கிவிட்டு ரயில் ஏறினால் மூச்சுச் சண்டையின் முதல் சுற்று முடிந்திருக்கும். திபெத் அனுமதிச் சீட்டு அந்த ஊருக்குத் தேவையில்லை, வழிகாட்டிக்கும் காசில்லை.

லாசா சாப்பாட்டிலும் அழுத்தம் விளையாடுகிறது. தண்ணீர் அங்கே 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பும் அரிசியும் வேகப் படுத்தி எடுக்கும். உள்ளூர்க்காரர்களின் சாம்பாவுக்கு அந்தத் தொல்லையில்லை. பார்லியைச் சூடான மணலில் வறுத்து அரைத்த மாவு அது; வறுவலின் சூடு 100 டிகிரியை எளிதாகத் தாண்டும், காற்றழுத்தத்தைப் பற்றிக் கவலையில்லை. வெண்ணெய்த் தேநீரில் பிசைந்தால் சாப்பாடு தயார். மாவுச்சத்தை எரிக்க, கொழுப்பை எரிப்பதைவிடக் குறைந்த ஆக்சிஜன் போதும் என்பது கூடுதல் லாபம். விலையும் குறைவு.

அதைச் சாப்பிட்டுவிட்டுப் பார்கோர் தெருவில் ஜோகாங் கோயிலை வலம் வரும் பாட்டிகள் மூச்சிரைக்காமல் நம்மைத் தாண்டிப் போவார்கள். திபெத்தியரிடம் பரவலாக உள்ள ஈபாஸ்1 மரபணுவின் ஒரு வடிவம், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் கெட்டியாவதைத் தடுக்கிறது. மறைந்துபோன டெனிசோவன் மனிதர்களிடமிருந்து வந்தது அது என்று 2014-ல் தெரிந்தது. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

கடைசியாக ஒரு செலவு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, ஓயாத இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம், குழப்பமான பேச்சு: இவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டதன் அடையாளம். உடனே ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், அப்புறம் கீழே இறங்குவது. இந்த நேரத்தில் ஷினிங்குக்குத் திரும்பும் மலிவு ரயில் டிக்கெட் ஆபத்து, ஏனென்றால் அந்த ரயில் இறங்குவதற்கு முன் டங்குலாவுக்கு ஏறும். விமானத்தில் சீன நகரமான செங்டு இரண்டு மணி நேரச் சொச்சம், உயரம் 500 மீட்டர்தான். பறக்கும்போது விமான அறையின் அழுத்தமே பொதுவாக 2,400 மீட்டருக்கு ஒப்பாக இருக்கும், அதாவது லாசாவைவிடத் தாழ்வு. டப்பாவுக்குப் போகும் பணத்தை அந்த டிக்கெட்டுக்கு ஒதுக்கிவையுங்கள்.