டி.டி.எஸ். குறைவாக இருந்தால் நல்ல தண்ணீரா?

காரைக்குடிப் பக்கம் தண்ணீர் பரிசோதனை வேலை பார்க்கிறேன். என்னிடம் அதிகம் பேர் கேட்பது, "மீட்டர் நூத்தம்பதுதான் காட்டுது, ஊருணித் தண்ணியைக் குடிக்கலாமில்ல?" என்றுதான்.

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் மொத்த அளவு. அதைக் காட்டும் மீட்டர் உண்மையில் பார்ப்பது தண்ணீர் வழியே மின்சாரம் எந்த அளவுக்குப் பாய்கிறது என்பதை. உப்பு கரைந்திருந்தால் எண் ஏறும். பூச்சிமருந்து, களைக்கொல்லி, டீசல், மாத்திரைகளின் மிச்சம் போன்ற கரிமக் கழிவுகள் பெரும்பாலும் அந்த எண்ணை அசைப்பதே இல்லை. அளவைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 டி.டி.எஸ்ஸுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்துக்கு அதே தரம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்துக்கு 0.4. ஊருணியில் நிற்பதோ மழைத்தண்ணீர். மருந்து கலந்திருந்தாலும் மீட்டர் குறைவாகத்தான் காட்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சரி. மருந்து போய்விடும் என்று நம்ப முடியாது.

பரிசோதனைக்குக் கொண்டுவரும் விதத்திலேயே பாதி விஷயம் கெட்டுப்போகிறது. கலர் குடித்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி நிரப்பி, பைக்கில் வெயிலோடு கொண்டுவருகிறார்கள். பிளாஸ்டிக் சில மருந்துகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், தன்னிடம் இருப்பதைத் தண்ணீரிலும் கசியவிடும். வெயில் பட்டால் சில மருந்துகள் சிதையும். பூச்சிமருந்து பார்க்க வேண்டுமென்றால் பழுப்புக் கண்ணாடி பாட்டில், ஐஸ் பெட்டி, 4 டிகிரிக் குளிர் எல்லாம் வேண்டும். ஆய்வகத்தில் முன்கூட்டியே சொன்னால் பாட்டில் தருவார்கள்.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். கோடையில் வயலிலும் ரோட்டிலும் சேர்ந்ததெல்லாம் முதல் பெரிய மழையில்தான் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வந்து சேரும். மாசியில் ஒருமுறை எடுத்துவிட்டு 'தண்ணீர் சுத்தம்' என்று எழுதி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. முதல் வரத்தின்போது ஒன்று, நெல்லுக்கு மருந்தடிக்கும் நாட்களில் ஒன்று, இவ்விரண்டும் கட்டாயம் வேண்டும்.

சாக்கடை கலக்கும் கண்மாய் என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பார்க்க விடியற்காலையில் போக வேண்டும். பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் எடுத்துக்கொள்ளும். அதனால் மத்தியானம் எடுத்த தண்ணீர் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். 300 மில்லி பாட்டிலைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே விட்டு மூடிக் கவிழ்ப்போம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை வந்தால் அங்கே மீனுக்கு மூச்சில்லை. பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு, பார்க்க 27 டிகிரியில் 3 நாள் வைக்கிறோம். குளிக்கும் நீருக்கு அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

அப்புறம், வண்டல். டி.டி.டி. போன்ற பழைய மருந்துகள் தண்ணீரில் நிற்காமல் சேற்றிலும் மீன் கொழுப்பிலும் போய்ச் சேரும். கண்மாய் தூர்வாரி வண்டலை வயலுக்கு அடிக்கும் முன் அதில் ஒரு கைப்பிடியையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

ஊராட்சியிலும் ஊருணியைப் பராமரிப்பவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: மருந்தடிக்கும் டேங்க்கைக் கண்மாயிலும் வரத்துக்காலிலும் கழுவ விடாதீர்கள். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் தேதி, நேரம், எடுத்த இடத்தோடு, கடைசியாக மழை பெய்த நாளையும் பக்கத்து வயலில் அடித்த மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். எதைத் தேட வேண்டும் என்பதே எங்களுக்கு அந்தப் பெயரை வைத்துத்தான் தெரியும்.