மனை வாங்குமுன் ஒரு பழைய டோபோ ஷீட்

நில அளவைத் தொழிலில் இருப்பதால், மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரக் கட்டோடு என்னிடம் வருவார்கள். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாகவே இருக்கும். நான் கேட்பது இன்னொன்று: "பழைய டோபோ ஷீட் பார்த்தீங்களா?" ஏரி, ஓடை, மேடு பள்ளம் எல்லாம் குறித்த நில வரைபடம் அது.

போன மாதம் வந்த தம்பதி சென்னையில் அடையாற்றுப் படுகையில், முடிச்சூர் பக்கம் மனை பார்த்திருந்தார்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஷீட்டை மேசையில் விரித்தேன். ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் கணக்கில் வரைந்தது. "நீலமா எதுவும் இல்லையே சார்" என்றார் கணவர். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அந்த ஷீட்டில் நீலம் என்றால் தண்ணீர் இருக்கும் இடம். மழைக்கு மட்டும் ஓடும் ஓடை கறுப்புக் கோடுதான். நம் ஊர் ஓடைகள் பெரும்பாலும் அப்படித்தானே? கார்த்திகையில் கரைபுரளும், சித்திரையில் மாடு மேயும்.

சமஉயரக் கோடுகளும் இங்கே அதிகம் உதவாது. பொதுவாக 50 அடி உயரத்துக்கு ஒரு கோடு. தாம்பரத்துக்கு மேற்கே தரையோ கிட்டத்தட்டத் தட்டை. நான் முதலில் தேடுவது ஏரிக்கரையை. வில்லாக வளைந்த கரைக்கு உள்ளே நீர்ப்பிடிப்பு, வெளியே அந்த ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல். ஏரி நிரம்பினால் கலங்கலில் வழியும் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும், அப்புறம் அதற்கடுத்ததற்கு, கடைசியில் அடையாற்றுக்கு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அதற்கு மேலே இருக்கின்றன. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது அந்த மழையும், ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும்தான். அது வரும் வழி பழைய ஷீட்டில் தெளிவாகவே இருக்கிறது.

ஆனால் டோபோ ஷீட்டை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். கறுப்புக் கோடு எந்தப் புல எண்ணில் (சர்வே நம்பர்) விழுகிறது என்று கிராம வரைபடத்திலும், அந்தப் புல எண்ணுக்கான அளவு வரைபடமான புலப்படத்திலும் பாருங்கள்.

அந்தத் தம்பதிக்கும் பார்த்தோம். அவர்களுடைய மனைக்கு இரண்டு புல எண் தள்ளி 'வாய்க்கால் புறம்போக்கு' என்றே இருந்தது. நேரில் போனால், வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் மதில் சுவர். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.